தனித்த இணைக்கு இடம் அதிகம்

அன்று காலை வீட்டுக் கூடத்தில் கால் வைக்க இடமில்லை. சிவப்பும் மஞ்சளும் நீலமுமாக ஊதிக் கட்டிய பலூன்கள் தரையெங்கும் உருண்டு கிடந்தன. நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து டீச்சர் இன்னொன்றை ஊதிக்கொண்டிருந்தாள். கன்னங்கள் உப்பி, முகம் சிவந்து, பார்க்கிறவர்களுக்கே மூச்சு முட்டும்.

மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை அவள். 'பலூன் டீச்சர்' என்று சொன்னால்தான் பள்ளியில் பாதிப் பேருக்குத் தெரியும். மூலக்கூறுகளுக்கு எப்படி வடிவம் வருகிறது என்ற பாடத்தை அவள் பலூன் இல்லாமல் நடத்தியதே கிடையாது. ஒரு அணுவைச் சுற்றி எலக்ட்ரான்கள் ஜோடி ஜோடியாக இருக்கும். ஒரு ஜோடிக்கு இன்னொரு ஜோடியைக் கண்டால் ஆகாது. முடிந்த மட்டும் ஒன்றைவிட்டு ஒன்று விலகி நிற்கும். எத்தனை ஜோடி என்று எண்ணத் தெரிந்தால் போதும், மூலக்கூறு எந்த வடிவத்தில் இருக்கும் என்று கண்ணால் பார்க்காமலே சொல்லிவிடலாம். இதைக் கரும்பலகையில் எழுதினால் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். ஜோடிக்கு ஒரு பலூன் என்று கழுத்தோடு கழுத்தாக முடிந்து காட்டினால் பெஞ்சில் ஏறி நின்று பார்ப்பார்கள்.

இந்த முறை பிள்ளைகளுக்கு மட்டுமல்ல. பெற்றோர் வரும் நாள். பெரிய அரங்கில் மேடை போட்டு நடத்திக் காட்டச் சொல்லியிருந்தார் தலைமையாசிரியர். அதனால்தான் இத்தனை பலூன்.

"அண்ணி, ஒரு முழம் துணி விரிக்க இடம் விடுவீங்களா, மாட்டீங்களா?"

கூடத்தின் மூலையில் தையல் மெஷினுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. டீச்சரின் நாத்தனார். கணவனின் தங்கை. வாயைத் திறந்தால் நிறுத்த மாட்டாள் என்பதால் சின்ன வயதிலேயே வீட்டில் அவளுக்குச் சரவெடி என்று பெயர் வைத்துவிட்டார்கள். விவாகரத்து ஆகி, ஒரு பெட்டியும் ஒரு மெஷினுமாக அண்ணன் வீட்டுக்கு வந்தவள். கொஞ்ச நாளைக்கு என்றுதான் வந்தாள். குழந்தைகளுக்குப் பாவாடை, பைஜாமா தைத்துக் கடைகளுக்குக் கொடுத்தாள். தொழில் நன்றாகப் பிடித்துக்கொண்டது. கூடத்தையும் பிடித்துக்கொண்டது. துணிக் கட்டுகள், நூல் கண்டுகள், கட்டுக் கட்டாக எலாஸ்டிக் நாடா. சோபாவில் உட்கார வேண்டுமென்றால் முதலில் பைஜாமாக்களை எழுப்பி விட வேண்டும்.

"ஒரு நாள்தானே, பொறுத்துக்கோ" என்றாள் டீச்சர். அவளுக்கு உதடு நமநமவென்று அரித்தது. பலூனுக்குள் போடுகிற மாவு ஒத்துக்கொள்ளவில்லை போலும் என்று புறங்கையால் துடைத்துக்கொண்டாள். இந்தப் பாடம் வரும் வாரத்தில் அவளுக்கு எப்போதும் தும்மல் பிடிக்கும். சாக்பீஸ் தூசி என்று சொல்லிக்கொள்வாள்.

"அதுக்குத்தான் பம்ப் விக்கிறாங்களே. வாயால ஊதி யாருக்கு மெடல் வாங்கப் போறீங்க?"

"பம்புல அடிச்சா ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசா ஆயிடும். எனக்கு வாயிலதான் அளவு தெரியும்."

'டப்' என்று ஒரு சத்தம். டீச்சருக்குத் தூக்கிவாரிப்போட்டது. மஞ்சள் பலூன் ஒன்று கிழிந்த தோலாகச் சரவெடியின் காலடியில் கிடந்தது. அவள் கையில் கத்தரிக்கோல்.

"பட்டுடுச்சு" என்றாள் சரவெடி, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததுதான் வம்பு. சொல்ல வேண்டியதெல்லாம் நெஞ்சுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டது. கணவன் வீட்டிலிருந்திருந்தால் ஏதாவது தமாஷ் செய்து இருவரையும் சிரிக்க வைத்திருப்பான். அவன் லிஃப்ட் மெக்கானிக். எங்கேயோ ஒரு கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டது என்று காலையிலேயே அழைத்துவிட்டார்கள். டீச்சருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. வேறு வழியில்லாமல் சரவெடிதான் காரை எடுத்தாள். பின் சீட்டில் பலூன், முன் சீட்டில் டீச்சர்.

அரங்கு நிறைந்திருந்தது. கார் சாவியைச் சுழற்றிக்கொண்டு சரவெடியும் இரண்டாவது வரிசையில் வந்து உட்கார்ந்தாள். வாசலில் எல்லாருக்கும் முந்திரி பிஸ்கட் கொடுத்தார்கள். டீச்சர் தன் பங்கை வாங்கிப் பக்கத்திலிருந்த ஒரு குழந்தையின் கையில் வைத்துவிட்டு மேடையேறினாள்.

மேடையேறிவிட்டால் அவள் வேறு ஆள். இரண்டு பலூனை முடிந்து தூக்கிக் காட்டினாள். ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம், நேர்கோடு. மூன்றை முடிந்தாள். மின்விசிறியின் இறக்கைகள் மாதிரி சமமாக விரிந்து நின்றன.

"இப்ப நாலு. எப்படி நிக்கும்? சொல்லுங்க பாக்கலாம்!"

"கூட்டல் குறி மாதிரி!" என்று ஒரு அப்பா கத்தினார். பாதி அரங்கு தலையாட்டியது.

டீச்சர் சிரித்துக்கொண்டே இரண்டு ஜோடிகளைச் சேர்த்து முறுக்கினாள். பலூன்கள் கிறீச்சிட்டன. கையை விட்டதும் நான்கும் சிலிர்த்துக்கொண்டு, மூன்று மேஜையில் கால் ஊன்ற, ஒன்று தலைக்கு மேலே நிமிர்ந்தது. "ஓ!" என்றது கூட்டம். மேஜையில் உருட்டிவிட்டாள். எப்படி உருட்டினாலும் மூன்று கீழே, ஒன்று மேலே.

"நான்முகின்னு பேரு. கூட்டல் குறியில நின்னா ஒவ்வொருத்தருக்கும் நடுவுல தொண்ணூறு டிகிரிதான் கிடைக்கும். இப்படி நின்னா நூத்தொம்பதரை. யாரும் சொல்லிக் கொடுக்கல, அதுங்களே கண்டுபிடிச்சு நிக்குதுங்க. மீத்தேன் இப்படித்தான் இருக்கு."

கைதட்டல் அடங்கும்போது அவளுக்குத் தொண்டையில் ஏதோ சிக்கியது போலிருந்தது. செருமினாள். கழுத்தோரம் சூடாக அரித்தது. விளக்கு வெளிச்சம் என்று நினைத்துக்கொண்டு அடுத்ததற்குப் போனாள்.

"இதுல ஒரு விஷயம் இருக்கு. எல்லா ஜோடியும் இன்னொரு அணுவோட கைகோத்துட்டு இருக்கணும்னு அவசியமில்ல. அம்மோனியாவுல மூணு ஜோடிதான் ஹைட்ரஜனோட சேந்திருக்கு. நாலாவது யாரோடயும் சேராம தனியா நிக்கும். தனித்த இணைன்னு சொல்வோம். இது என்ன பண்ணும் தெரியுமா? மத்ததைவிட அதிகமா இடத்தை அடைச்சுக்கும்." பெரிய சிவப்புப் பலூன் ஒன்றை எடுத்து மற்ற மூன்றோடு சேர்த்து முடிந்தாள். சிவப்பின் பருமனில் மூன்றும் ஒடுங்கி நெருங்கின. "பாருங்க, பாவம், மூணும் எப்படி ஒடுங்குதுங்க."

இந்த இடத்தில் அவள் வழக்கமாக ஒரு ஜோக் சொல்வாள். கல்யாணமாகாத சித்தப்பா வீட்டுக்கு வந்து சோபா முழுக்கக் காலை நீட்டிப் படுத்துக்கொள்வது போல என்று. பிள்ளைகள் சிரிப்பார்கள்.

அன்று அவள் வாயிலிருந்து சித்தப்பா வரவில்லை.

"புருஷனை விட்டுட்டு வந்த நாத்தனார் நம்ம வீட்டுக் கூடத்தைப் பிடிச்சுக்கிற மாதிரி."

அரங்கு சிரித்தது. சில பெண்கள் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார்கள்.

டீச்சர் உறைந்து நின்றாள். இதை யார் சொன்னது? நானா? ஒலிபெருக்கியில் கேட்டது தன் குரல்தான். இரண்டாவது வரிசையில் சரவெடியின் முகம் தெரிந்தது. வெள்ளைத் துணி மாதிரி வெளுத்திருந்தது அது. அந்த வாய் இன்றைக்குப் பார்த்து ஒரு வார்த்தையும் பேசவில்லை. மெல்ல எழுந்தாள், பக்கத்திலிருந்தவர்களின் முழங்கால்களைத் தாண்டி நடைபாதைக்கு வந்தாள், வாசலைப் பார்த்து நடந்தாள்.

'நில்லு' என்று கூப்பிட டீச்சர் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை.

வெட்கத்தில் தொண்டை அடைத்துக்கொண்டது என்றுதான் முதலில் நினைத்தாள். மூச்சை இழுத்தாள். நுழைந்த காற்று பாதி வழியில் நின்றுவிட்டது, ஊதலாகச் சீட்டியடித்தது. கையைப் பார்த்தாள். முழங்கை வரை பட்டை பட்டையாகத் தடித்திருந்தது. உதடுகள் தன்னுடையவை போலவே இல்லை. யாரோ உள்ளேயிருந்து ஊதுவது போல நாக்கு பெருத்துக்கொண்டே வந்தது. மேஜையைப் பிடிக்கப் போனாள். பிடித்தது பலூன்களைத்தான். அவற்றோடு சேர்ந்து கீழே விழுந்தாள்.

கூட்டம் சிரித்தது. அதுவும் நிகழ்ச்சியில் சேர்த்தி என்று நினைத்துவிட்டார்கள்.

அந்தச் சிரிப்பின் ஒலி மாறியதைக் கேட்டுத்தான் சரவெடி வாசலில் திரும்பிப் பார்த்தாள். பிறகு அவள் எப்படி மேடைக்கு வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. செருப்பு ஒன்று நடைபாதையில் கிடந்தது என்று பின்னால் யாரோ எடுத்துக் கொடுத்தார்கள்.

"அண்ணி! அண்ணி! என்னைப் பாருங்க! வழி விடுங்கய்யா, வேடிக்கையா பாக்குறீங்க! தூக்குங்க!"

ஆம்புலன்ஸ் வரட்டும் என்றார் தலைமையாசிரியர். "வர்ற வரைக்கும் இவங்க இருப்பாங்களான்னு பாருங்க சார்" என்று சரவெடி போட்ட சத்தத்தில் அவரே வந்து காலைப் பிடித்தார். பின் சீட்டில் மிச்சமிருந்த பலூன்களின் மேலேயே டீச்சரைக் கிடத்தினார்கள். அவளுடைய முகத்தருகே இரண்டு பலூன்கள் நசுங்கிக்கொண்டிருந்தன. தலைமையாசிரியர் முன்னால் ஏறிக்கொண்டார். கார் பறந்தது.

பக்கத்துச் சிறிய மருத்துவமனையில் ஒரு இளம் பெண் டாக்டர் இருந்தார். பார்த்த மாத்திரத்தில் தொடையில் ஊசி போட்டார். முகத்தில் ஆக்சிஜன் முகமூடி வைத்தார்கள், காலை உயர்த்திப் படுக்க வைத்தார்கள். இதயம் குதிரை மாதிரி ஓடத் தொடங்கியது. ஆனால் காற்று உள்ளே இறங்கியது. கூரையில் சுழலும் விசிறி கண்ணுக்குத் தெரிந்தது. பிழைத்துவிட்டோம் என்று டீச்சர் நினைத்தாள்.

"கடுமையான ஒவ்வாமை" என்றார் டாக்டர். "என்ன சாப்பிட்டாங்க?"

"முந்திரி பிஸ்கட்" என்றார் தலைமையாசிரியர். "எல்லாருக்கும் கொடுத்தோம்." அவர் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. பிஸ்கட் வாங்கச் சொன்னது அவர்தான்.

"அப்ப முந்திரிதான். சிஸ்டர், வாயில மிச்சம் ஏதாவது இருக்கான்னு பாத்து சுத்தம் பண்ணுங்க."

நான் சாப்பிடவே இல்லை என்று டீச்சர் சொல்ல நினைத்தாள். நாக்கு புரளவில்லை. நர்ஸ் முகமூடியை விலக்கினாள். கையுறை போட்ட விரல்கள் உதட்டைப் பிரித்து உள்ளே வந்தன. இன்னொரு நர்ஸ் மேல்கையில் ஒரு ரப்பர்ப் பட்டையை இறுக்கிக் கட்டினாள்.

அரிப்பு திரும்பி வந்தது.

முதலில் உதட்டில், பிறகு ஈறில், அதே நமநமப்பு. காலையில் கூடத்தில் உட்கார்ந்து ஊதும்போது வந்த அதே அரிப்பு. மூக்கில் ஒரு வாசனை ஏறியது. மாவும் ரப்பருமாகக் கலந்த அந்த வாசனையை அவள் கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்வாள். பலூன் வாசனை.

அப்போதுதான் டீச்சருக்குப் புரிந்தது. பிஸ்கட் இல்லை, விளக்கு இல்லை, வெட்கம் இல்லை. சாக்பீஸும் இல்லை. பல வருடங்களாக உதட்டோடு உதடு வைத்து, நெஞ்சிலிருந்த காற்றையெல்லாம் கொடுத்து, ஆசை ஆசையாக ஊதிய பலூன். இப்போது அதையேதான் கையுறையாக அவள் வாய்க்குள் விட்டுத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். உயிர் காப்பாற்ற வந்த கையே கழுத்தை நெரிக்கிறது, அது அந்தக் கைக்குத் தெரியவில்லை.

தலையை உதறினாள். "பயப்படாதீங்க, சீக்கிரம் முடிஞ்சிடும்" என்று நர்ஸ் அன்பாகத் தலையைப் பிடித்துக்கொண்டாள். டீச்சர் கையுறையைக் காட்டி விரலை நீட்டினாள். கையைப் பிடிக்கச் சொல்கிறாள் என்று நினைத்து நர்ஸ் அந்தக் கையுறைக் கையாலேயே அவள் விரல்களைப் பற்றினாள்.

"டாக்டர், பிரஷர் மறுபடியும் இறங்குது!"

"எப்படி? இப்பதானே ஏறிச்சு?"

விசிறியின் ஓரங்கள் கறுக்கத் தொடங்கின. கட்டிலின் கால்மாட்டில் சரவெடி நின்றுகொண்டிருந்தாள், ஒற்றைச் செருப்போடு. டீச்சர் அவளைப் பார்த்தாள். பற்றியிருந்த பிடியிலிருந்து கைகளை இழுத்துக்கொண்டாள். இரண்டு மணிக்கட்டையும் ஒன்றாக ஒட்ட வைத்து முறுக்கினாள். முறுக்கியபடியே விரல்களை நாலா பக்கமும் விரித்துக் காட்டினாள். ஒரு கையின் விரல் மேலே, மற்றவை கீழே. மேடையில் செய்த அதே முறுக்கு.

"வலிப்பு வருதா?" என்றார் தலைமையாசிரியர்.

சரவெடியின் கண்கள் சுருங்கின. டீச்சர் மறுபடி செய்தாள். வீங்கிய கன்னங்களை இன்னும் கொஞ்சம் உப்பினாள், ஊதுகிற மாதிரி. பிறகு நர்ஸின் கையுறை நுனியை எட்டிப் பிடித்து இழுத்து விட்டாள். அது 'பட்' என்று அடித்தது.

"பலூன்!" சரவெடி கத்திய கத்தலில் வெளியே காத்திருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். "பலூனுங்க! காலையிலேர்ந்து பலூனா ஊதித் தள்ளுனாங்க! அந்தக் கையுறையும் அதே ரப்பர்தானே! கழட்டுங்க! ஐயோ, வாயிலேர்ந்து கையை எடுங்கன்னா!"

டாக்டரின் முகத்திலிருந்த ரத்தமெல்லாம் வடிந்துபோனதை டீச்சர் மங்கலாகப் பார்த்தாள்.

"கையுறையைக் கழட்டுங்க. எல்லாரும்! அந்தப் பட்டையை அறுங்க. கையைக் கழுவிட்டு வாங்க. நீலக் கையுறை, ரப்பர் இல்லாதது, பிரசவ அறையில இருக்கும், ஓடுங்க! இன்னொரு ஊசி!"

சரவெடி யாருக்கும் காத்திருக்கவில்லை. பையிலிருந்த கத்தரிக்கோலை எடுத்து மேல்கையிலிருந்த பட்டையை வெட்டி எறிந்தாள். அதற்குப் பிறகு டீச்சருக்கு நினைவில்லை.

கண் விழித்தபோது பிற்பகல் வெயில் கட்டிலில் விழுந்திருந்தது. கணவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். கையெல்லாம் கிரீஸ். லிஃப்ட் குழிக்குள் போன் எடுக்காது. மேலே ஏறி வந்து பார்த்தபோது தங்கையிடமிருந்து திரை கொள்ளாத அழைப்புகள். டீச்சரை அவன் தொடவில்லை. தொடலாமா கூடாதா என்று தெரியாமல் கையை மடியில் வைத்துக்கொண்டு விழித்துக்கொண்டிருந்தான்.

"டீச்சர்" என்றான். கோபம் வந்தாலும் பாசம் வந்தாலும் அவனுக்கு அந்தப் பெயர்தான் வரும். "என்னைப் பயமுறுத்திட்டியேடி."

அவள் கண் வேறு ஆளைத் தேடியது. சரவெடி ஜன்னல் பக்கம் முதுகைக் காட்டி நின்றாள்.

"அந்த ஜோக்..." என்று டீச்சர் ஆரம்பித்தாள். குரல் மணலில் இழுத்த தகரம் மாதிரி வந்தது.

"பேசக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிருக்காங்க."

"வேணும்னு..."

"வேணும்னுதான் சொன்னீங்க அண்ணி. நான் பலூனை வேணும்னு உடைச்ச மாதிரி." சரவெடி திரும்பவில்லை. "சும்மா படுங்க. செத்துப் பொழச்சவங்களோட எப்படிச் சண்டை போடுறது? எழுந்து வாங்க, வெச்சுக்கிறேன்."

கணவன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். என்ன ஜோக் என்று கேட்க நினைத்து, கேட்காமல் இருப்பதே புத்திசாலித்தனம் என்று விட்டுவிட்டான்.

மறுநாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். கதவைத் திறந்த டீச்சர் வாசலிலேயே நின்றுவிட்டாள். கூடம் காலியாக இருந்தது. மெஷின் இல்லை, துணிக் கட்டு இல்லை, எலாஸ்டிக் இல்லை. பலூன் தோல் ஒன்றுகூட இல்லாமல் தரையைத் துடைத்திருந்தார்கள். சோபா முழுசாகத் தெரிந்தது. அந்தச் சோபாவின் நிறத்தையே மறந்து போயிருந்தாள் அவள். இதற்காக எத்தனை நாள் ஏங்கியிருக்கிறாள்! இப்போது அதில் போய் உட்காரத் தோன்றவில்லை.

"கடைத்தெருவுல ஒரு ரூம் பாத்து எல்லாத்தையும் ஏத்திட்டுப் போயிட்டா" என்றான் கணவன். "எலாஸ்டிக்கும் ரப்பர்தானேன்னு ராத்திரியெல்லாம் தூங்கல. படுக்கறதும் அங்கேயேதானாம்."

"நீங்க விட்டுட்டீங்களா?"

"அவளை நான் தடுத்து நிறுத்தின சரித்திரம் உண்டா?"

அடுத்த வாரம் ஒவ்வாமை நிபுணரைப் பார்க்கப் போனார்கள். சரவெடிதான் கார் ஓட்டினாள். எலாஸ்டிக் படாத புது உடுப்பு போட்டு, சீட்டெல்லாம் துடைத்து, ஜன்னலைத் திறந்து வைத்திருந்தாள். நிபுணர் நிதானமான மனிதர். முன்கையில் சொட்டுச் சொட்டாக மருந்து வைத்து ஊசியால் குத்திப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

"ரப்பர் மரத்துப் பால்ல சில புரதங்கள் இருக்கு. நீங்க ஒவ்வொரு முறை ஊதும்போதும் உங்க உடம்பு அதைத் தடவித் தடவிப் பாத்திருக்கு. ஒரு கட்டத்துல அந்தப் புரதத்தோட வடிவத்தை எதிரின்னு முடிவு பண்ணிடுச்சு. இனிமே அந்த வடிவத்தை எங்க பாத்தாலும் சண்டைக்கு வந்துடும்."

"வடிவமா?" என்றாள் டீச்சர்.

"ஆமா. உடம்புக்குப் பேரெல்லாம் தெரியாது. எந்த இடத்துல மேடு, எந்த இடத்துல பள்ளம், அதுதான் கணக்கு. வாழைப்பழம் சாப்பிட்டா வாய் அரிக்குமா?"

வாழைப்பழம் சாப்பிட்டால் எல்லாருக்குமே வாய் லேசாக அரிக்கும் என்றுதான் அவள் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தாள். வாழைப்பழத்தின் குணமே அது என்று.

"அரிக்குமே" என்றாள். கணவன் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு அரிக்காதா?"

"எனக்கு எதுக்கு அரிக்கணும்?"

"உனக்கு?"

"இல்லையே அண்ணி" என்றாள் சரவெடி.

"அதுலயும் கிட்டத்தட்ட அதே மாதிரி வடிவம் உள்ள புரதம் இருக்கு" என்றார் நிபுணர். "பழத்துக்கும் ரப்பருக்கும் சம்பந்தமில்லைன்னு நாம நினைப்போம். உடம்பு அப்படி நினைக்காது."

டீச்சர் தன் முன்கையில் புடைத்து நின்ற தடிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். எண்ணிப் பார்த்து வடிவத்தைச் சொல்லக் கற்றுக்கொடுப்பது அவள் வேலை. எந்த மூலக்கூறைக் கேட்டாலும் கோணத்தோடு சொல்வாள். அவள் தோலுக்கடியில் யாரும் சொல்லிக்கொடுக்காமல் ஒன்று உட்கார்ந்து, வருடக்கணக்காக ஒரு வடிவத்தை மனப்பாடம் செய்திருக்கிறது. உதடு அரித்தது, தும்மல் வந்தது, பழம் அரித்தது. எல்லாம் கண்ணெதிரே இருந்தும் மூன்றையும் அவள் ஒன்றாக வைத்துப் பார்க்கவில்லை. காலடியில் தரை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

"டாக்டர், எலாஸ்டிக்?" என்று முந்திக்கொண்டு கேட்டாள் சரவெடி. "நான் தையல்காரி. கட்டுக் கட்டா வெச்சிருந்தேன். எல்லாத்தையும் வீட்டை விட்டு எடுத்தாச்சு."

"நூல் சுத்தின எலாஸ்டிக்தானே? அது பரவாயில்லம்மா. மாவு போட்ட கையுறை, பலூன், அதுதான் மோசம். காத்துல பறக்கும். எலாஸ்டிக்கை அவங்க வாயில வெச்சுக்காம இருந்தா சரி."

கணவனுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டான்.

காருக்கு நடக்கும்போது டீச்சர் சொன்னாள், "அப்ப மெஷினைத் திருப்பிக் கொண்டு வந்துடு."

"அதெல்லாம் முடியாது. அங்க வெளிச்சம் நல்லா இருக்கு. வாசல்ல போறவங்க நின்னு பாத்துட்டுப் போறாங்க, மூணு பேர் தைக்கக் கொடுத்துட்டாங்க. ஒரு முழம் துணி விரிக்க யார்கிட்டயும் இடம் கேக்க வேண்டியதில்ல."

"சரி, மெஷின் அங்கேயே இருக்கட்டும். நீ எதுக்கு அங்க தரையில படுக்கணும்?"

சரவெடி கார் கதவின் கைப்பிடியில் கை வைத்தபடி நின்றாள்.

"நான் சொன்னது தப்பு" என்றாள் டீச்சர். "அவ்வளவு பேர் முன்னால சொன்னேன். அவ்வளவு பேர் முன்னால திருப்பி எடுத்துக்க வழியில்லாம போச்சு."

"எனக்கு நீங்க சொன்னதுகூடப் பெருசில்ல அண்ணி. அவங்க சிரிச்சாங்க பாருங்க." சரவெடி கதவைத் திறந்தாள். "நான் வெளிய போயிட்டுத்தான் இருந்தேன். நீங்க விழுந்து கிடந்ததைப் பாத்ததும் எனக்கு முதல்ல என்ன தோணுச்சு தெரியுமா? நல்லா வேணும்னு தோணுச்சு. ஒரு நொடிதான். அந்த ஒரு நொடியைத்தான் என்னால இன்னும் மறக்க முடியல."

கட்டிலின் கால்மாட்டில் ஒற்றைச் செருப்போடு நின்றவளைத்தான் டீச்சருக்குத் தெரியும். அந்த நொடியை அவள் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் குறை சொல்லத் தன்னிடம் வாயில்லை என்று நினைத்தாள். வரும்போது பின்னால் உட்கார்ந்து வந்தவள், இப்போது முன் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். கணவன் பின்னால் ஏறினான்.

பள்ளியில் பலூனைத் தடை செய்துவிட்டார்கள். தலைமையாசிரியர் அதற்கு மேலும் போய் முந்திரி பிஸ்கட்டையும் தடை செய்துவிட்டார். அது வேறு விஷயம் சார் என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. டீச்சர் களிமண்ணும் குச்சியும் வைத்துப் பாடம் நடத்தினாள். நான்முகியைக் குச்சியால் செய்தால் அது தானாகப் போய் நிற்காது, நிறுத்தி வைக்க வேண்டும். பிள்ளைகள் "ஓ!" என்று சொல்லவில்லை. அது அவளுக்கு வருத்தம்தான். கைப்பையில் எப்போதும் ஒரு ஊசி மருந்து இருந்தது. கடை வாசல்களில் பலூன் கட்டியிருந்தால் எதிர்ப் பக்கம் போய் நடந்தாள். ஒரு சாதாரணத் தெருவில் இத்தனை பலூன் இருக்கும் என்று முன்பு யாராவது சொல்லியிருந்தால் அவள் நம்பியிருக்க மாட்டாள்.

சரவெடி பகலில் கடையிலும் இரவில் வீட்டிலும் என்று ஒரு ஏற்பாட்டுக்கு வந்தாள். எலாஸ்டிக் பரவாயில்லை என்று நிபுணர் சொன்னதை அவள் நம்பவேயில்லை. தினமும் சாயங்காலம் வாசல் குழாயில் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, உள்ளே கேட்கிற மாதிரி குரல் கொடுப்பாள்.

"ரப்பர் இல்ல, பலூன் இல்ல, வாழைப்பழம் இல்ல. வாய் மட்டும்தான் இருக்கு. உள்ள வரலாமா அண்ணி?"

"அதைத்தான் முதல்ல தடை பண்ணணும்" என்று சொல்லிக்கொண்டே டீச்சர் எழுந்து போய்க் கதவைத் திறப்பாள்.